ஏறின தலை

இங்கிட்டு ஒக்காருங்க சார். அந்த சீட்டுல ஒக்காந்தா ராமநாதபுரம் போய்ச் சேருற வரைக்கும் வெயிலு மூஞ்சியிலயே அடிக்கும். அந்தப் பைய என் காலுக்கடியில வச்சிருங்க, பரவாயில்ல. நான் பாதியிலயே எறங்கிருவேன். கீழக்குடி விலக்கு, ஊருக்கு ரோடு பிரியுற எடம்.

சட்டப்பையில பேனா வச்சிருக்கீங்க, படிச்சவுகளாத் தெரியுது. ஒரு ஒத்தாசை பண்ணணும் சார். ஒரு மனு எழுதியிருக்கேன். இந்தா, மடிச்ச மடிப்பு கலையாம வச்சிருக்கேன். தப்பு கிப்பு இருந்தா பாத்துச் சொல்லுங்க. எழுத்துத் தப்பு இருந்தா அதையே சாக்கா வச்சு ஓரங்கட்டிருவாய்ங்க. எங்க ஊருல இருக்குறவய்ங்க அப்படிப்பட்டவய்ங்க.

எனக்கு நரிமுனை. பேரு பூமிநாதன். நரிமுனை பாய்மரப் படகுக் கழகம்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? இல்லையா? வருசா வருசம் வைகாசியில பந்தயம் நடக்கும் சார். தொண்டிப் பக்கமிருந்தெல்லாம் வேனு பிடிச்சு வருவாய்ங்க. வத்தைன்னு சொல்லுவோம், சின்னப் படகு, ஒத்தப் பாயி. மிசினு கிசினு ஒண்ணும் கெடையாது. காத்தும் ஆளும்தான். ஒரு வத்தைக்கு ஆறு பேரு. ஒருத்தன் சுக்கான், அது நானு. பதினாலு வருசமா நாந்தான். ஒருத்தன் பாய்க்கயிறு. ஒருத்தன் பாய்மேல தண்ணி அடிச்சுக்கிட்டே இருப்பான், ஈரப் பாயிதான் காத்தப் பிடிக்கும். மத்த மூணு பேரும் பலகை.

பலகைன்னா, வத்தைக்குக் குறுக்கால ஒரு நீளப் பலகையப் போட்டு, காத்து வர்ற பக்கம் வெளிய நீட்டி விட்டுருப்போம். அதுமேல மூணு பேரும் ஏறி நிக்கணும். காத்து பாயத் தள்ளும், இவிங்க எடையால வத்தையக் கவுறாம பிடிச்சு வப்பாய்ங்க. எடை பத்தலைன்னா மணல் மூட்டை. பலகையோட நுனியில நிக்கிறவன்தான் முக்கியம். கனமான ஆளா இருக்கணும், பயமில்லாத ஆளா இருக்கணும், சொன்ன பேச்சு கேக்குற ஆளா இருக்கணும். நான் சுக்கான்லருந்து 'ரெண்டடி வெளிய'ன்னா ரெண்டடி வெளிய, 'உள்ள'ன்னா உள்ள. ஏன் எதுக்குன்னு கேட்டுக்கிட்டு நின்னா வத்தை கவுந்துரும். சுக்கான் பிடிக்கிறவன் சொன்னா மறுபேச்சு கெடையாது. இது எங்க கரையில சின்னப்பயலுக்குக்கூடத் தெரியும்.

எங்க வத்தையில நுனிப் பலகை கோட்டைச்சாமி. என் பொஞ்சாதி பஞ்சவர்ணத்தோட கூடப்பொறந்த தம்பி. எனக்கு மச்சினன். இருபத்தொம்பது வயசு, தொண்ணூத்தெட்டு கிலோ. தெய்வமாப் பாத்து பலகைக்குன்னே படைச்ச ஒடம்பு. அவனைக் கொண்டுவந்து நுனியில நிப்பாட்டினதுக்கப்புறம்தான் எங்க வத்தை ஜெயிக்க ஆரம்பிச்சதுன்னு சொல்லுவாய்ங்க. அது ஒரு பேச்சு. சுக்கான் சரியில்லாம பலகை என்னத்தக் கிழிக்கும்?

விசயத்துக்கு வாறேன். எங்க கழகத்துல ஒரு சுழற்கோப்பை இருக்கு. இந்தா, என் இடுப்பு ஒசரம். ஜெயிச்ச வத்தைக்காரன் ஒரு வருசம் வீட்டுல வச்சுக்கிட்டு அடுத்த வைகாசிக்குத் திருப்பிக் குடுத்துறணும். ஆனா மூணு வருசம் தொடர்ந்து ஜெயிச்சா கோப்பை அவனுக்கே சொந்தம். கழகம் ஆரம்பிச்சு இருபத்திரண்டு வருசமாச்சு, ஒரு பயலும் மூணு வருசம் ஜெயிச்சதில்ல. நான் போன வருசம் ஜெயிச்சேன். அதுக்கு முந்தின வருசமும் ஜெயிச்சேன். இந்த வருசம் ஜெயிச்சா என் பேரு நிக்கும் சார். நான் போனதுக்கப்புறமும் நிக்கும். ஆசாரிகிட்டச் சொல்லி கண்ணாடி வச்ச அலமாரி ஒண்ணு செஞ்சு கூடத்துல நிப்பாட்டிட்டேன், பந்தயத்துக்கு ஒரு மாசம் முன்னாடியே. இப்ப அதுல என்ன இருக்கு தெரியுமா? கருவாட்டுப் பானை. பஞ்சவர்ணம் ஆத்தா வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி பானையத் தூக்கி அதுக்குள்ள வச்சுக் கதவச் சாத்திட்டுப் போயிருக்கா. வீட்டுக்கு வர்றவன் பூராம் அதைப் பாத்துட்டுப் போறான்.

மனுவ அப்பறம் படிங்க சார், மொதல்ல நடந்ததக் கேளுங்க. அப்பத்தான் வெளங்கும்.

பந்தயத்தன்னைக்குக் காலையில சோளகம் நல்லா வீசுச்சு. தெக்கக்காத்த சோளகம்போம். பதினோரு வத்தை. கரையிலருந்து கெழக்க மூணு மைல் போயி, அங்க கொடிப்படகு நிக்கும், அதைச் சுத்திக்கிட்டுத் திரும்பக் கரைக்கு வரணும். கோட்டைக்குக் காலையில லேசாக் காய்ச்சல். லேசாத்தான். பஞ்சவர்ணம் தொட்டுப் பாத்துட்டு இவன் வேணாம், வேற ஆளப் போடுங்கன்னா. வேற ஆளு எங்க இருக்கு தொண்ணூத்தெட்டு கிலோவுல? உப்புத்தண்ணி பட்டா காய்ச்சல் ஓடிப்போகும்னேன். அவனும் ஒண்ணும் சொல்லலையே. ஒரு மாத்திரையப் போட்டுக்கிட்டு பேசாம வந்து பலகையில ஏறினான். வரமாட்டேன்னு சொல்லிருக்கலாம்ல? வாயில்லையா அவனுக்கு?

போறப்பயே நாங்கதான் முன்னாடி. கொடிப்படகச் சுத்துறப்ப எங்களுக்குப் பின்னாடி சீனி முகமது வத்தை, கூப்பிடு தூரம். மத்த ஒம்பது வத்தையும் வடக்க ஒதுங்கிப் போயிட்டாய்ங்க. சீனியும் நானும் ஒண்ணாப் படிச்சவய்ங்க. நல்ல சுக்கான்காரன், அதை நான் இல்லைங்கல. ஆனா என்னைய ஒருதரம்கூட ஜெயிச்சதில்ல. ஒரேயொரு தரம் ஜெயிச்சான். அது செல்லாதுன்னு ஆயிப்போச்சு.

அதையும் சொல்லிப்புடுறேன், ஏன்னா மனுவுல அது வருது.

எட்டு வருசத்துக்கு முன்னாடி. கொடிப்படகுக்கிட்டப் போறப்ப சீனி வத்தையில ஒருத்தனுக்குக் கால் மரத்துப்போச்சு. அவன் கொடிப்படகுல ஏறிக்கிட்டு ரெண்டு கையையும் தூக்கிக் காட்டினான். எங்க கடல்ல ஒரு வழக்கம் சார். தண்ணியில இருக்குறவனோ, தூரத்துப் படகுல இருக்குறவனோ ஒரு கையத் தூக்குனா, வா, ஆளு வேணும்னு அர்த்தம். ரெண்டு கையையும் தூக்குனா, எனக்கு ஒண்ணுமில்ல, நீ போன்னு அர்த்தம். அவன் ரெண்டு கையையும் தூக்கவும் சீனி அஞ்சு பேரோட வந்து எல்லையத் தொட்டான். எனக்கு முன்னாடி தொட்டான். நான் விடுவேனா? எங்க கரையில பொம்பளைக நிக்கிறாக பாருங்க, கடலுக்குப் போன வள்ளம் திரும்பி வாறப்ப மீனு எம்புட்டுன்னு பாக்க மாட்டாக, பாயி கிழிஞ்சுருக்கான்னு பாக்க மாட்டாக. மொதல்ல தலைய எண்ணுவாக. ஏறின தலை எறங்கணும். எங்க பாட்டன் பூட்டன் காலத்துலருந்து அதுதான் கணக்கு. அதைத்தான் நான் எடுத்துப் பேசினேன். ஆறு ஏறுச்சு, அஞ்சு எறங்குது, இது என்ன ஜெயிப்பு? பொம்பளைக பூராம் என் பக்கம். அப்ப நான் கழகத்துச் செயலாளர் வேற. அன்னைக்கே விதிப்புத்தகத்துல என் கையாலயே எழுதினேன். 'ஏறிய தலை அனைத்தும் எல்லையில் இறங்க வேண்டும். குறைந்தால் அந்த வத்தை பந்தயத்தில் இல்லை.' கோப்பை எனக்கு வந்துச்சு. சரிப்பான்னு போயிட்டான்.

ஆமா, நான் எழுதினதுதான். யாரு இல்லைன்னா? ஆனா சார், அது அதுக்கு எழுதினது. இதுக்கா எழுதினேன்?

சரி, இந்த வருசத்துக்கு வாறேன். திரும்பி வாறோம். கரைக்கு ஒரு மைல்தான் பாக்கி. கொட்டுச் சத்தம் கேக்குது. அம்புட்டு நேரம் அடிச்ச சோளகம் பட்டுன்னு நின்னுபோச்சு சார். பாயி தொங்கிப்போச்சு. கொஞ்சம் கொஞ்சமாத்தான் மூச்சு விடுது காத்து. காத்து இருக்குறவரைக்கும்தான் எடை தொணை. காத்து நின்னா எடைதான் எமன். மூணு மணல் மூட்டை வச்சிருந்தோம், மூணையும் தூக்கித் தண்ணியில போடச் சொன்னேன். வத்தை ஒரு விரக்கடை ஏறுச்சு. திரும்பிப் பாக்குறேன், சீனி வந்துக்கிட்டே இருக்கான். அவன் ஆளுக பூராம் கருவாடு மாதிரி, ஒருத்தனும் அறுபது கிலோ தாண்ட மாட்டான். பத்துப் பாகம் தூரம் இருந்தது எட்டாச்சு. எட்டு ஆறாச்சு. மூணு வருசம் சார். இருபத்திரண்டு வருசத்துல ஒருத்தனுக்கும் கிடைக்காதது, அந்தா தெரியுது.

அப்பத்தான் கோட்டை வழுக்கி விழுந்துட்டான்.

பலகை ஈரம்ல? வழுக்கத்தான் செய்யும். விழுந்துட்டான். அவன் கடல்ல பொறந்த பய, ஒரு மைல் என்ன, மூணு மைல் நீந்துவான். பாயை எறக்கி வத்தையத் திருப்பி அவனைத் தூக்கிட்டுப் போறதுக்குள்ள சீனி போயிருப்பான். பாய்மரத்த நெனச்ச எடத்துல நிறுத்த இது என்ன பஸ்ஸா? திரும்பிப் பாத்தேன். கையத் தூக்குனான். போங்க மச்சான்னு தூக்குனான். போனோம். தொண்ணூத்தெட்டு கிலோ எறங்கவும் வத்தை அப்புடியே வழுக்கிக்கிட்டுப் போச்சு. மொதல் ஆளா எல்லையத் தொட்டோம் சார். வேட்டு வெடிச்சாய்ங்க. தோள்ல தூக்குனாய்ங்க என்னைய.

கரையில பஞ்சவர்ணம் நின்னா. கைதட்டுவான்னு பாத்தேன். எறங்குற ஒவ்வொருத்தனையும் பாத்தா. முத்துராக்கு எறங்குனான், பாய்க்கயித்துக்காரன். அவனுக்குப் பின்னாடி ஒருத்தன், ஒருத்தன், இன்னொருத்தன். கடைசியா நான். என் மூஞ்சியப் பாத்தா.

"அஞ்சுதான் இருக்கு."

அம்புட்டுதான் சொன்னா. கூட்டத்துல கூச்சல், கொட்டு, ஆனா அது மட்டும் எனக்குக் கேட்டுச்சு. எம்புட்டு ஆத்திரம் வந்துச்சு தெரியுமா சார்? பதினெட்டு வருசமாக் கூட வாழ்றவ. புருசன் கோப்பைய ஜெயிச்சுட்டு வந்து நிக்கிறான். வாயத் தொறந்ததும் இது.

மத்த வத்தையெல்லாம் வந்து சேந்துச்சு. சீனி மட்டும் வரல. அரைமணி நேரங்கழிச்சு, கடேசி ஆளா, பதினோராவதா வாறான். பாயை எறக்கிப்புட்டு துடுப்புப் போட்டு வாறாய்ங்க. கோட்டைய வத்தையில மல்லாக்கப் படுக்கப்போட்டிருக்காய்ங்க. தண்ணி குடிச்சுட்டான். காய்ச்சல்ல கால் பிடிச்சு இழுத்துக்கிச்சாம், நீந்த முடியலையாம். சொறிமீனும் ஒடம்பு பூராம் சுத்திருச்சு, வைகாசியில சொறி மொதக்கும்ல, பட்டா நெருப்பா எரியும். சீனி தண்ணியில குதிச்சு அவனைப் பிடிச்சிருக்கான். ஆறு பேரு சேந்து தூக்கி உள்ள போட்டிருக்காய்ங்க. கரையில பொம்பளைக எண்ணுனாக. ஏழுன்னு சத்தமா ஒருத்தி சொன்னா. கொட்டு நின்னுபோச்சு.

சரி, நல்ல காரியம் பண்ணினான். நான் இல்லைங்கல. ஒரு சால்வை போத்துங்க, நாலு வார்த்தை பேசுங்க. ஆனா கழகத் தலைவர் அருளானந்தம் வாத்தியார் என்ன பண்ணினாரு தெரியுமா? விதிப்புத்தகத்தை எடுத்தாரு. என் கையெழுத்தை எனக்கே படிச்சுக் காட்டினாரு. எங்க வத்தை பந்தயத்துலயே இல்லன்னுட்டாரு. சரி, ரெண்டாவதா வந்தவனுக்குக் குடுக்கணும்ல? அவன் எனக்கு வேணாம், சீனியண்ணனுக்குக் குடுங்கன்னான். மூணாவதா வந்தவனும் அதையே சொன்னான். ஒம்பது வத்தைக்காரனும் சேந்துக்கிட்டாய்ங்க. கடேசியா வந்தவனுக்குக் கோப்பை. ஒலகத்துல எங்கயாச்சும் உண்டா சார்? ஆறு ஏறி அஞ்சு எறங்குனா தப்பு, ஆறு ஏறி ஏழு எறங்குனா அது மட்டும் சட்டமா? கேட்டேன். நல்லாக் கேட்டேன். மண்ணப் பாத்துக்கிட்டு நிக்கிறாய்ங்க.

அதுக்குத்தான் இந்த மனு. விளையாட்டு அதிகாரிக்கு. பாத்தீங்களா, நாலு பாயிண்டா எழுதியிருக்கேன். மொதப் பாயிண்டு, ஏறிய தலை எறங்கணும்னுதான் விதி. ஒரே நேரத்துல, ஒரே வத்தையிலருந்து எறங்கணும்னு எங்க எழுதியிருக்கு? கோட்டை எறங்குனானா இல்லையா? அரைமணி நேரம் பிந்தி எறங்குனான், சீனி வத்தையிலருந்து எறங்குனான். எறங்குனான்ல? கணக்கு சரியாப் போச்சுல? சிரிக்காதீங்க சார். சிரிக்கலையா? சரி.

மூணாவது பாயிண்டப் பாருங்க. 'மேற்படி கோட்டைச்சாமி தானாகவே வழுக்கி விழுந்து, இரு கைகளையும் உயர்த்தி, தாங்கள் செல்லலாம் எனச் சைகை காட்டினார்.' அதுக்குக் கீழ அவன் கையெழுத்து வேணும். அவன் போட்டுட்டா முடிஞ்சது. அதுக்குத்தான் இப்ப கீழக்குடி போறேன். எட்டு நாள் ஆஸ்பத்திரியில கிடந்துட்டு, இப்ப அவுக ஆத்தா வீட்டுல இருக்கான். நெஞ்சுல சளி கட்டிருச்சாம், ஆறு மாசம் கடலுக்குப் போகக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். பஞ்சவர்ணமும் அங்கதான் இருக்கா.

தானாகவேன்னு ஏன் எழுதணும்னு கேக்குறீங்களா? அந்த முத்துராக்குப் பயலாலதான். கழகக் கூட்டத்துல எந்திரிச்சு ஒளறிக்கொட்டிட்டான். கோட்டை வழுக்கல, பூமியண்ணன்தான் சொன்னாருன்னான். என்ன சொன்னேன் நானு? இன்னும் ஒரு மூட்டை இருந்தாத் தூக்கிப் போட்டுறலாம்னு சொன்னேன். பொதுவாச் சொன்னது. வாயில வர்றதுதானே. அப்ப என் கண்ணு அவன் பக்கம் போயிருக்கலாம். நுனியில நிக்கிறவன்மேலதான் கண்ணு போகும், அது பழக்கம். அவன் என்னையப் பாத்தான். நான் கேட்டேன். கேக்கத்தான் செஞ்சேன் சார், தள்ளிவிடல.

"இங்கிருந்து நீந்திருவீல்ல மாப்ள?"

கேள்வி சார். இது ஒரு கேள்விதானே? ஆமான்னும் சொல்லலாம், இல்லன்னும் சொல்லலாம். மச்சான், எனக்குக் காய்ச்சலு, முடியாதுன்னு சொல்லிருந்தா நான் என்ன கழுத்தப் பிடிச்சா தள்ளப்போறேன்? அதெல்லாம் சொல்லல.

"சரி மச்சான்."

ரெண்டு வார்த்தை. பலகையில குந்தவச்சு, சத்தமே இல்லாம, வத்தை ஆடக்கூடாதுன்னு பதனமா எறங்குனான். ஆமா, எறங்குனான். குதிச்சா வத்தை அசையும்ல, வேகம் கொறையும்ல, அதுக்காகப் பாத்து எறங்குறான் மடப்பய. அந்த நேரத்துலயும் அப்புடி. இதை நான் யார்கிட்டயும் சொல்லல சார். உங்ககிட்டத்தான் சொல்றேன், நீங்க வெளியூரு.

அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? சுக்கான்காரன் கேட்டா அதைச் சொன்னதா எடுத்துக்கிட்டா, அது அவன் புத்தி. சொன்னதையே செய்யணும்னு நாந்தான் பழக்குனேன், சரி. அதுக்காக இதுக்குமா? இருபத்தொம்பது வயசு ஆம்பளைக்குச் சொந்த புத்தி வேணாமா?

பஞ்சவர்ணம் அன்னைக்கு அப்பறம் என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. ஆஸ்பத்திரியில வச்சு. எத்தனை கையத் தூக்குனான்னு கேட்டா. ரெண்டுன்னேன். என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தா. அப்பறம் வீட்டுக்கு வந்து துணிமணிய எடுத்துக்கிட்டு, அந்தக் கருவாட்டுப் பானைய அலமாரிக்குள்ள வச்சுட்டுப் போயிட்டா. கட்டினவன் சொல்ல நம்பலைன்னா அப்பறம் என்ன குடும்பம்? தம்பிகிட்டயே கேட்டுக்க வேண்டியதுதானே? கேட்டிருப்பா. அவன் என்ன சொல்லியிருப்பான்னு எனக்குத் தெரியல. சொல்லியிருக்க மாட்டான். அவன் சொல்ற ஆளு இல்ல.

நேத்து அவனுக்குப் போன் போட்டேன். நாலு நாளாப் போடணும் போடணும்னு நெனச்சு நேத்துதான் போட்டேன். என்னென்ன சொல்லணும்னு தயார் பண்ணி வச்சிருந்தேன் சார். அவன் கத்துவான், நாக்கப் பிடுங்குற மாதிரி கேப்பான், பதிலுக்கு நானும் ஒரு பிடி பிடிக்கணும்னு. காய்ச்சல்னு ஏன்டா வாயத் தொறந்து சொல்லல, கால் இழுக்கும்னா ஏன்டா எறங்குனன்னு கேக்கணும்னு. இவன் எடுத்ததும், சாப்டீங்களா மச்சான்னு கேக்குறான். இருமிக்கிட்டே கேக்குறான். நான் மனு விசயத்தைச் சொன்னேன். இப்புடி இப்புடி எழுதியிருக்கேன், ரெண்டு கையையும் தூக்குனதா எழுதியிருக்கேன், நீ ஒரு கையெழுத்துப் போடணும்னேன். கொஞ்ச நேரம் இருமுனான். அப்பறம் சொல்றான். அதே ரெண்டு வார்த்தை சார். சரி மச்சான். நாளைக்குப் பத்து மணி பஸ்ஸுல வாங்க, விலக்குலயே நிக்கிறேன், வீட்டுக்குள்ள வச்சு அக்கா முன்னாடி வேணாம்னான்.

அதுதான் சார் எனக்கு ஆத்திரமா வருது. நேத்து ராத்திரி பூராம் பொட்டுக் கண்ணு மூடல. ஏன்டா சரிங்குற? திட்டேன்டா. போய்யா ஒன் கோப்பையும் நீயும்னு சொல்லேன். அப்புடிச் சொல்லியிருந்தான்னா எனக்கு எம்புட்டு நல்லாருந்திருக்கும். என் மேல ஒரு கல்லத் தூக்கிப் போட்டிருந்தாக்கூட நான் இப்ப நிம்மதியா ஒக்காந்துருப்பேன். சரியாம், மச்சானாம். என்னைய ஆளாவே மதிக்கல அவன். மதிக்கிறவன் சண்டை போடுவான்ல? நீங்க சொல்லுங்க.

என்ன சார், படிச்சுட்டீங்களா? தப்பு ஏதும் இருக்கா? இல்லையா? அப்ப சரி. குடுங்க. இருங்க, நீங்களே வச்சிருங்க, என் கை வேர்த்திருக்கு, மசி கலைஞ்சுரும்.

அந்தா, ஆலமரம் வந்துருச்சு. அதுக்கடுத்தது விலக்குதான். கண்டக்டர் என்னையத்தான் பாக்குறாரு. அந்தா நிக்கிறான் பாருங்க, டீக்கடைக்கு முன்னாடி, துண்டப் போத்திக்கிட்டு. அவன்தானா? அவன்தான். என்னடா இது. தொண்ணூத்தெட்டு கிலோ சார் அவன். எங்க போச்சு அம்புட்டும்? சட்டை யாரோடதையோ போட்ட மாதிரி தொங்குது. பின்னாடி அவ நிக்கிறா. வராதக்கான்னு அவன் சொல்லியிருப்பான், கேட்டிருக்க மாட்டா. பஸ்ஸ விட்டு எறங்குறவுகளப் பாக்குறா. ஒவ்வொருத்தராப் பாக்குறா.

எறங்கணும்தான். தெரியும் சார். எறங்கத்தான் வந்தேன். கால் மரத்துப்போச்சு, அம்புட்டு நேரம் ஒக்காந்தே வந்தேன்ல. அடுத்த ஸ்டாப்புல எறங்கி நடந்து வந்துக்கிறேன். அது ஒண்ணும் தூரமில்ல. கண்டக்டர்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க, விசில் அடிக்கட்டும்.

பாத்துட்டான். சன்னல்ல என்னையப் பாத்துட்டான் சார். கையத் தூக்குறான். பாத்தீங்களா? நல்லாப் பாருங்க, நீங்களே சாட்சி. அன்னைக்கும் இதே மாதிரித்தான் தூக்குனான், அச்சா இதே மாதிரி. போங்க மச்சான்னுதான் தூக்குறான்.

என்ன, ஒரு கைதாங்குறீங்களா? சரி, ஒரு கைதான். தண்ணிக்குள்ள கெடக்குறவன் ரெண்டு கையையும் தூக்குனா முங்கிப்போக மாட்டானா?

பஸ்ஸு எடுத்துட்டாய்ங்க, விடுங்க சார். எதுக்கு எந்திரிக்கிறீங்க? ஏன் சத்தம் போடுறீங்க? நிறுத்துங்க நிறுத்துங்கன்னு நீங்க எதுக்கு சொல்றீங்க, அவன் என் மச்சினன். ஓடியாறான் பாருங்க, இருமிக்கிட்டே ஓடியாறான் கிறுக்குப்பய. கையை எறக்காமயே ஓடியாறான். ஒக்காருங்க சார். ஒங்கள யாரு நிறுத்தச் சொன்னது?